பழைய குசினி, புதிய தளபாடம்: பொகவந்தலாவைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிற குடும்பத்திடம் எல்லோரும் வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உள்ளே போட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், அதாவது காம்பராவில், ஒரு கட்டிலும் ஒரு றங்குப் பெட்டியும் போட்டாலே கால் வைக்க இடம் இருக்காது. அதே கட்டிலையும் பெட்டியையும் 550 சதுர அடி வீட்டில் கொண்டுபோய் வைத்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். பிள்ளை படிக்க மேசை இல்லை, பாத்திரம் அடுக்க றாக்கை இல்லை, வந்தவர் உட்கார ஒரு வாங்குகூட இல்லை என்பது குடிபோன பிறகுதான் தெரியவரும்.

இந்த ஆய்வு இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்படிக் குடிபோன ஒரு குடும்பத்தைப் பற்றியது. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மகன் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருக்கிறான். அம்மாவின் தகப்பனார் தோட்டத்தில் ஆசாரியாக இருந்து ஓய்ந்தவர். நான் மரவேலை கற்றுக்கொடுக்கிறவன். பெரியவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால் வேலை முழுக்கக் கூட நின்று பார்க்கவும் கை கொடுக்கவும் வாய்த்தது. அவர்கள் யார் பெயரையும் இங்கே போடவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய சாமானில் தளபாடம் செய்யும்போது பாதிக்கு மேற்பட்ட வேலை கழற்றுவதில் இருக்கிறது. நிதானமாகக் கழற்றினால் எந்தப் பலகை எதற்கு ஆகும் என்பது கழற்றும்போதே தெரிந்துவிடும். குடிபோகிற அவசரத்தில் அலவாங்கைப் போட்டு உடைத்தால் மிஞ்சுவது விறகு. மலையகத்தில் இன்றும் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எதில் கை வைக்கலாம்

முதலில் உரிமைப் பிரச்சினை. லயம் தோட்டத்துச் சொத்து. 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆனால் லயத்துக் கதவும் கூரையும் எந்தக் காலத்திலும் குடியிருப்பவர் கைக்கு வரவில்லை. தோட்டத்து ஒப்பீசில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு சிலாகையைக்கூடக் கழற்றக் கூடாது.

ஆனால் எந்த லயத்துக்குப் பின்னாலும் போய்ப் பாருங்கள், குடும்பங்கள் தங்கள் காசிலேயே இறக்கிக் கட்டிய குசினி ஒன்று இருக்கும். கைமரம், பலகைச் சுவர், தார்ப் பீப்பாயை வெட்டி விரித்த தகரம், அடுப்புக்கு மேல் விறகு காய வைக்கும் பரண். இந்தக் குடும்பத்தின் குசினி பெரியவர் வேலையில் இருந்த காலத்தில் தன் கையால் கட்டியது. லயத்தை ஒப்படைக்கும்போது அதை எப்படியும் அகற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கதவொன்று உட்பட அதில் இருந்த எல்லாமே அவர்களுக்குச் சொந்தம். அதோடு காம்பராவுக்குள் கிடந்த பழைய இரும்புக் கட்டில் ஒன்று, மூன்று தேயிலைப் பெட்டிகள், கிழிந்தும் கிழியாமலும் ஒரு மூட்டைச் சேலை.

காசு கொடுத்து வாங்கலாமே என்று கேட்கலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு கடையில் பலகையும் பிளைவூட்டும் கேட்கிற விலையில் இல்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. பிறகு வேகம் குறைந்தது, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒரு நல்ல மேசை என்பது பல நாள் கொழுந்து.

கழற்றிய விதம்

வேலை பரணிலிருந்து தொடங்கியது. அம்மா அதை விறகுக்கு என்று ஒதுக்கியிருந்தார். கரி ஏறி, தார் பூசியது மாதிரி கறுத்துப்போன பலகைகள். தொட்டால் கையில் ஒட்டும். பெரியவர் ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். உளுத்த பலகை பொத் என்று அடங்கும், நல்ல பலகை கணீரென்று கேட்கும். இது கேட்டது.

"இதப் போயி அடுப்புல வைக்கப் பாத்தியேம்மா," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சீவுளியைக் கேட்டார்.

"ஆணி இருக்கப் போகுது தாத்தா, அலகு போயிரும்," என்றேன்.

"காந்தத்த எடுங்க தம்பி."

உடைந்த ரேடியோப் பெட்டியின் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் வட்டக் காந்தத்தை அவர் பல வருடமாக இதற்கென்றே வைத்திருக்கிறார். அதை நூலில் கட்டிப் பலகை மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி எங்கே இருந்தாலும் அங்கே சுண்டும். மூன்று இடத்தில் சுண்டியது. அந்த ஆணிகளை உளியால் தோண்டி எடுத்த பிறகு சீவுளி ஓடியது. முதல் இழைப்பில் கரி போனது. இரண்டாவதில் பழுப்பு வந்தது. மூன்றாவதில் சுருண்டு விழுந்த சீவல் மஞ்சளாக இருந்தது. பலா.

பலா மரத்தை நம் நாட்டில் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதற்கு அனுமதி கட்டாயம். புதுப் பலாப் பலகையின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பலகை ஆறு, அடுப்புப் புகையில் இருபது வருடத்துக்கு மேல் காய்ந்து, பூச்சி ஒன்றும் அண்டாமல், மிலாறுக் கட்டுக்கு, அதாவது விறகுக்கான தேயிலைக் கிளைக் கட்டுக்கு, அடியில் கிடந்திருக்கிறது. அன்றைக்குக் காலையில் யாராவது அவசரப்பட்டிருந்தால் இரண்டு நாள் சோறு ஆக்கி முடிந்திருக்கும்.

ஆணி எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறை எளிது. பலகையைத் திருப்பி, ஆணியின் கூர்ப்பக்கத்தைத் தட்டினால் தலை மேலே எழும். எழும்பிய தலையைக் குறடால் பிடித்து, குறட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து நெம்ப வேண்டும். மரத்துண்டு இல்லாமல் நெம்பினால் குறட்டின் வாய் பலகையில் பள்ளம் போடும். துருவேறி அசையாத ஆணியை இழுக்கவே கூடாது, தலை முறிந்துவிடும். இரண்டு பலகைக்கும் நடுவில் இரும்பு அறுக்கும் வாள் அலகை நுழைத்து ஆணியையே அறுத்துவிட்டால் இரண்டு பலகையும் முழுசாகக் கிடைக்கும்.

கதவு இன்னும் பொறுமை கேட்டது. அது நெட்டுக்குத்தான பலகைகளை மூன்று குறுக்குச் சட்டங்களில் அறைந்த பழைய காலத்துக் கதவு. இந்த மாதிரிக் கதவில் ஆணியை மறுபக்கம் வரை அடித்து, வெளியே வந்த நுனியை மடக்கி மரத்துக்குள் பதித்திருப்பார்கள். மடக்கிய நுனியை முதலில் நிமிர்த்தாமல் தலைப்பக்கம் இழுத்தால் பலகை பிளக்கும். கதவைப் பிரித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பெரியவர் சம்மதிக்கவில்லை.

"தம்பி, கதவப் பிரிக்க வேணாம். அது ஏற்கெனவே மேசைதான். காலு மட்டும் இல்ல."

யோசித்துப் பார்த்தால் சரிதான். மேசைத் தட்டுக்கு என்ன வேண்டும்? பல பலகைகள், அவை வளையாமல் பிடிக்க அடியில் குறுக்குச் சட்டங்கள். கதவில் இரண்டும் இருக்கின்றன.

ஒதுக்கியவை

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது சிக்கனம் ஆகாது. சில சாமான்களை வீட்டுக்குள் விடவே கூடாது.

குசினிக் கூரையில் பாதி தகரம், மீதி அஸ்பெஸ்டஸ் சீட். சீட்டை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வெளிவரும். தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கி, ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டோம். களைநாசினி வந்த பிளாஸ்டிக் கேன்களை ஸ்டூலாக்கலாம் என்று மகன் கேட்டான். கழுவினாலும் போகாத சாமான் அது, வேண்டாம் என்று அவனுக்குப் புரியும்படி சொன்னோம். பக்கத்து வீட்டார் தருவதாகச் சொன்ன பழைய ரயில் சிலிப்பர் கட்டையும் வேண்டாம் என்றோம். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் வீட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை, அடுப்பில் எரிக்கவும் கூடாது.

கதவில் இருந்த பச்சை எனாமல் பெயின்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்த விதி 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே புத்தி. அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசு பிள்ளைகளின் உடம்புக்குள் போகும். நெருப்பு வைத்து உரித்தால் புகையில் போகும். வெளியில் வைத்து, தண்ணீர் விட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்து, வழிந்த சேற்றைத் துணியில் ஒற்றிப் பொலிதீனில் கட்டினோம். அந்த வேலை முடியும்வரை மகனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அம்மா.

உளுத்த பலகைகள் நாலைந்து இருந்தன. ஓட்டைக்குக் கீழே கோதுமை மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். மேலே மண்ணெண்ணெய் தடவினால் ஆழத்தில் இருப்பது சாகாது. பெயின்ட் படாத உளுத்த பலகை நேரே அடுப்புக்குப் போனது.

புது வீட்டில் காத்திருந்த பலகைகள்

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அடுப்புக்கு மேல் காய்ந்த பலகை எலும்பு மாதிரி உலர்ந்திருக்கும். புது வீட்டுச் சுவர் சீமெந்துப் பூச்சு இன்னும் ஈரம் விட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பகுதி தென்மேல் பருவமழையை நேராக வாங்குகிற மேல் களனிப் பள்ளத்தாக்கின் ஓரம். கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். பொகவந்தலாவையில் அவ்வளவு இல்லை, ஆனால் ஜூன் ஜூலையில் துணி காயாது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். பனிக்காலம் முடிந்து வெயில் காய்கிற பெப்ரவரியில் இடைவெளி விடாமல் நெருக்கிப் பொருத்திய பலகை ஜூலையில் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும்.

அதனால் சீவிய பலகைகளை உடனே பொருத்தவில்லை. புது வீட்டின் உள் அறையில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சிலாகை வைத்து, காற்று ஓடும்படி அடுக்கி, மூன்று வாரம் விட்டோம். பிறகும் பலகைக்குப் பலகை ஒரு நாணயத்தின் தடிப்பு இடைவெளி விட்டுத்தான் பொருத்தினோம்.

பழைய சாமானை லொறியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மரம்தானே என்று சும்மா ஏற்ற வேண்டாம். வழியில் மறித்துக் கேட்டால் காட்ட, எங்கிருந்து கழற்றியது என்று கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத்து ஒப்பீசிலும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பம் வாங்கியது.

மேசை

கதவின் அடிப்பக்கம் மழைச் சாரல் பட்டு மக்கியிருந்தது. கத்தி நுனியால் குத்திப் பார்த்து, நுனி எங்கே இறங்காமல் நின்றதோ அதற்கு இரண்டு விரல் மேலே கோடு போட்டு அறுத்தோம். கீழ்ச் சட்டம் அந்தத் துண்டோடு போய்விடும் என்பதால் அதை முதலிலேயே கழற்றி, புது விளிம்புக்குச் சற்று உள்ளே மறுபடி பொருத்தினார் பெரியவர். மிஞ்சியது 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத அது போதும்.

கால்களுக்குக் கைமரம். குசினிக் கைமரங்கள் டர்பன்டைன் மரம், கனமும் உறுதியும் உண்டு. கூரைக்கு வெளியே நீட்டி நின்ற நுனிகள் மட்டும் கெட்டிருந்தன, வெட்டி எறிந்தோம். மேசை உயரம் 28 அங்குலம், கதிரை 17 அங்குலம் என்று வைத்தோம். தம்பிக்கு அது உயரம்தான். அவன் காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டைப் போட்டால் சரியாகிவிடும். மேசையை அவன் உயரத்துக்கு இறக்கியிருந்தால் அக்கா கூனிக்கொண்டு எழுத வேண்டும், அவனும் இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவான்.

பொருத்து எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய சாமானில் செய்த தளபாடம் ஆடிப்போவதற்கு மரம் காரணமாக இருப்பது அபூர்வம். காரணம் மூட்டு. ஆணி அடித்த கால் ஆறு மாதத்தில் ஆடும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற மரத்தில் ஆணியின் பிடி மெல்ல மெல்ல விடும். பெரியவர் காலில் துளை போட்டு, சட்டத்தில் நாக்கு வெட்டி இறக்கினார். பசை தடவவில்லை. நாக்கை இறக்கிய பிறகு குறுக்காக ஒரு மர ஆணி அடிப்பதற்குத் துளை வேண்டும். காலில் போட்ட துளையும் நாக்கில் போட்ட துளையும் நேருக்கு நேர் வரக் கூடாது என்பதுதான் சூட்சுமம். நாக்கின் துளையை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சட்டத்தின் தோள்பக்கம், அதாவது நாக்கு தொடங்கும் பக்கம், தள்ளிப் போட்டார். நுனி சீவிய மர ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நெளிந்து போய், நாக்கைக் காலுக்குள் இழுத்து இறுக்குகிறது. அடிக்க அடிக்கத் தோளுக்கும் காலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கண்முன்னால் மூடியது. கடைசி அடியில் சத்தம் மாறும். அதற்கு மேல் அடிக்கக் கூடாது.

அந்த மர ஆணி எதில் செய்தது தெரியுமா? மிலாறில். தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து அம்மா விறகுக்குக் கொண்டுவந்து போட்ட தேயிலைக் கிளைகளில், நேராக இருந்த ஒன்றிரண்டைப் பொறுக்கி, நன்றாகக் காய வைத்து, உருட்டிச் சீவினார். தேயிலைக் கட்டை நெருக்கமான, கடினமான மரம். அதன் அடிக்கட்டைகளை மினுக்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அலங்காரச் சாமானாக விற்கிறார்கள். அதே மரம் ஒரு மேசையின் எட்டு மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கதவுப் பலகை கரடுமுரடு, இடைவெளியில் பேனா நுனி இறங்கும். எழுதும் இடத்துக்கு வழுவழுப்பான பரப்பு தேவைப்பட்டது. அதற்கு ஒரு தேயிலைப் பெட்டியைப் பிரித்தோம். இன்றைய பிள்ளைகள் தேயிலைப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடதாசிச் சாக்கு வருவதற்கு முன்னால் ஸ்டோரிலிருந்து, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, தேயிலை கப்பலுக்குப் போனது பிளைவூட் பெட்டியில். உள்ளே ஈயத்தாள் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தாள், விளிம்பெல்லாம் தகரப் பட்டி. அந்தப் பிளைவூட்டுக்காக 1970களில் சிங்கராஜக் காட்டிலேயே மரம் வெட்டினார்கள். 1977இல்தான் அது நின்றது. அப்படி வந்த மரத்தை மறுபடி உபயோகிக்கும்போது கொஞ்சம் மரியாதையோடு உபயோகிக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தகரப் பட்டி கையை அறுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழற்றினோம். ஒரு பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி.எப். என்ற தரமும் நிறையும் கறுப்பு மையில் அச்சுக் குத்தியிருந்தது. "தாத்தா, எழுத்து மேல வர்ற மாதிரி வைங்க," என்றாள் மகள். மேலே வைத்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தோம். அவள் கணக்குக் கொப்பி இப்போது அந்த எழுத்துக்கு மேல்தான் விரிகிறது.

தட்டைக் காலோடு பிணைக்கும் திருகாணிகளுக்கு வட்டத் துளை போடாமல் நீள்துளை போட்டோம். மழைக்குத் தட்டு அகலும்போது திருகாணி அந்த நீளத்தில் நகர வேண்டும். இல்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

றாக்கை

மற்ற இரண்டு பெட்டிகளையும் பிரிக்கவில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, சிலாகைச் சட்டத்துக்குள் நிறுத்தினால் குசினி றாக்கை. பலகையில் தட்டு அடித்து நீளமான றாக்கை வேண்டும் என்று அம்மா முதலில் கேட்டார். அதே பாரத்துக்குத் தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். பெட்டி இரண்டடிக்குள் அடங்குவதால் மெல்லிய பிளைவூட்டே தாங்கும். அரிசி, மா, பருப்பு டப்பாக்களுக்கு அது தாராளம். நீளத் தட்டுக்குப் பலாப் பலகையை எடுத்து, சுவரில் மூன்று இடத்தில் தாங்கு கொடுத்து, கனமான சட்டி பானைக்குத் தனியாக அடித்தோம். சுவரை ஒட்டவில்லை. காற்றுப் போக ஓர் அங்குலம் விட்டுத்தான் எல்லாம் நிற்கிறது.

வாங்கு

இரும்புக் கட்டிலின் கம்பிவலை அறுந்திருந்தது, சட்டம் நன்றாக இருந்தது. டவுனில் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் நெடுக்குவாட்டில் பாதியாக்கி, ஒன்றரை அடி அகல வாங்காக ஒட்டி வாங்கினோம். வெளியாருக்குக் கூலி கொடுத்த வேலை இது ஒன்றுதான்.

இருக்கை பின்னியது அம்மா. நூல் சேலை ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும், தொய்யவும் செய்யும் என்பதால் நைலக்ஸ், பொலியெஸ்டர் சேலைகளை மட்டும் எடுத்தோம். மூன்று அங்குலப் பட்டியாக நீளவாக்கில் கிழித்து, மூன்று பட்டியைச் சடை மாதிரி பின்னி, சட்டத்தின் அகலத்தில் ஒருவர் இழுக்க ஒருவர் முடிச்சுப் போட முதலில் குறுக்கே ஓட்டினார்கள். பிறகு நெடுக்கே ஒன்று மேல் ஒன்று கீழ் என்று கோத்தார்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிப் பழகிய கைக்கு எந்த முடிச்சு பாரத்தில் இறுகும், எது வழுக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "இது எங்க அம்மா சீல, இது என் கல்யாணத்துக்கு மாமியார் எடுத்தது," என்று சொல்லிக்கொண்டேதான் பின்னினார். நைலோன் வெயிலில் நாளடைவில் இற்றுப்போகும். இஸ்தோப்பில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) வெயில் விழாத பக்கமாக வாங்கு போடப்பட்டது.

கட்டிலும் அலுமாரியும் செய்யவில்லை. செய்திருக்கலாம். ஆனால் பழைய மரத்தின் வெடிப்புகளில் மூட்டைப்பூச்சி ஒளிந்து வரும் இடம் படுக்கைதான். அலுமாரிக்குக் கதவு நேராக நிற்க வேண்டும், இந்த ஈரத்தில் பழைய பலகைக் கதவு நேராக நிற்காது. அப்பா கொழும்பிலிருந்து சேர்த்த காசில் கட்டில் வாங்கினார்கள். மெத்தை எப்போதும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

செலவென்றால் வெல்டிங் கூலி, திருகாணி, உப்புத்தாள், சின்ன டின் வார்னிஷ், லொறியில் பங்கு. எல்லாம் சேர்த்து அம்மாவின் ஒரு வாரச் சம்பளத்துக்குள் முடிந்தது. பெரியவரின் உழைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. போட்டால் இந்தத் தொகை பல மடங்காகும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கைவேலை தெரிந்தவர் இல்லாத குடும்பத்துக்கு இதே கணக்கு பொருந்தாது.

முதல் மழைக்குப் பிறகு

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. ஜூலையில் போய்ப் பார்த்தேன்.

மேசையில் நாணயத் தடிப்பு இடைவெளிகள் ஏறக்குறைய மூடியிருந்தன. தட்டு எழும்பவில்லை. மூலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன், கால் ஒன்றும் ஆடவில்லை. நான்கு காலின் அடியிலும் மெழுகுதிரி உருக்கி ஊற்றி, பழைய பாட்டாச் செருப்பை வெட்டி ஒட்டியிருந்தோம். மரத்தின் வெட்டுவாய் தரை ஈரத்தை வேகமாக உறிஞ்சும், அதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தபோது அடி காய்ந்திருந்தது.

றாக்கையில்தான் கோளாறு. கீழ்ப் பெட்டியில் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். பழைய பிளைவூட்டின் பசை ஈரம் தாங்கும் ரகம் இல்லை. குடம் நின்ற இடத்தில் மேல் ஏடு உப்பிக் கழன்றிருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, குசினிக் கூரையிலிருந்து வந்த தகரத்தில் நான்கு விளிம்பையும் உள்ளே மடக்கி ஒரு தட்டுப் போல் செய்து பதித்தார் பெரியவர். குடம் இப்போது திண்ணையில் சீமெந்துக் கட்டைக்கு மேல் இருக்கிறது. ஈரச் சாமானைப் பிளைவூட்டில் வைக்காதீர்கள் என்று மற்றக் குடும்பங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வாங்கின் பின்னல் நடுவில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. முடிச்சை அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்டினால் போதும். அதற்கென்றே அம்மா ஒரு நுனியை நீளமாக விட்டு வைத்திருக்கிறார்.

இரண்டு வேலை மீதி இருக்கிறது. மேசைக்கு ஒரு லாச்சி (இழுப்பறை) வேண்டுமாம். மிஞ்சிய பலாப் பலகை ஒன்றில் தைப்பொங்கல் விடுமுறைக்கு அப்பா வரும்போது செய்வதாகப் பேச்சு. மழைக்காலத்தில் லாச்சியை அளவெடுத்தால் வெயிலுக்குத் தளர்வாகத்தான் நிற்கும், வெயிலில் எடுத்தால் மழைக்கு இறுகிப்போகும். அதனால் அளவை ஜூலையிலேயே எடுத்து வைத்துவிட்டோம். இன்னொன்று, அதே தோட்டத்தில் அடுத்ததாகக் குடிபோகிற மூன்று குடும்பங்கள் பெரியவரை வந்து பார்த்திருக்கின்றன. அவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தான் வந்து தட்டிப் பார்க்கும்வரை யாரும் பரணில் அலவாங்கு வைக்கக் கூடாது.